அதிகம் பேசாத, எதையும் அலசிப் பார்க்கும் மனைவியை எப்படிப் புரிந்துகொள்வது?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஓர் ஆளுமைத் தேர்வைப் பற்றிய கேள்வி. திருமணமாகி மூன்றாம் ஆண்டு. மனைவி ஒரு வங்கியின் தணிக்கைப் பிரிவில் வேலை பார்க்கிறார். இணையத்தில் எழுதிய தேர்வில் அவருக்கு 'ஐ.என்.டி.பி.' (INTP) என்ற நான்கெழுத்து வகை வந்திருக்கிறது. விளக்கத்தைப் படித்தால் நூற்றுக்கு நூறு பொருந்துகிறது என்கிறீர்கள். உறவினர் வீட்டு வளைகாப்பில் அரை மணி நேரம் இருந்துவிட்டு அவர் உள்ளறைக்குப் போய்விட்டார், உங்கள் அம்மா அதைத் தலைக்கனம் என்கிறார். உங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு கைநழுவிப் போன அன்று, நீங்கள் மனம் நொந்து சொன்னபோது, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல் "யார் முடிவு செய்தது, எந்த அடிப்படையில்?" என்று கேட்டார், மறுநாள் காலையில் உங்கள் அலுவலகப் பதவி உயர்வு விதிகளைப் படித்து, ஒரு பக்கக் குறிப்பாக எழுதி மேசைமேல் வைத்திருந்தார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, இப்படிப்பட்டவர்களை எப்படிப் புரிந்துகொள்வது, இது ஆட்டிசமாக இருக்குமா, நாளாவட்டத்தில் மாறுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில், எழுதாமல் விட்ட நான்காவது கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: அவருக்கு என்மேல் பிரியம் இருக்கிறதா? அதையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

நான் மருத்துவ உளவியல் படித்து, பல ஆண்டுகளாகத் தம்பதிகளுக்கும் குடும்பங்களுக்கும் ஆலோசனை வழங்கி வருபவன். ஆனாலும் இங்கே என் கையில் இருப்பது ஒரு தரப்பு மட்டுமே. உங்கள் மனைவியை நான் பார்த்ததில்லை. பார்க்காத ஒருவருக்கு எந்தப் பெயரும் சூட்ட எனக்கு உரிமை இல்லை. ஆகவே ஆய்வுகளால் நிலைபெற்றவை எவை, இன்னும் சர்ச்சையில் இருப்பவை எவை, என் அனுபவத்தை மட்டும் வைத்து நான் ஊகிப்பவை எவை என்பதைப் பிரித்துக் காட்டியே சொல்கிறேன்.

முதலில் அந்த நான்கு எழுத்துகள். அவற்றில் முதலாவதான 'ஐ' அகமுகத்தைக் குறிக்கிறது. அகமுகம் (தனக்குள் ஒதுங்கும் போக்கு), புறமுகம் (பிறரோடு கலந்து பழகும் போக்கு) என்ற பாகுபாட்டைப் பரவலாக்கியவர் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் கார்ல் யுங். 1921-இல் வெளியான நூலில் மனித மனப்போக்குகளை அவர் இப்படி வகைப்படுத்தினார். அவர் அதைத் தம்மிடம் வந்த நோயாளிகளையும் பழைய இலக்கியங்களையும் கூர்ந்து நோக்கி எழுதினாரே தவிர, ஆயிரக்கணக்கானோரை அளந்து பார்த்து எழுதவில்லை. அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸ் என்பவரும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை ஒரு கேள்வித்தாளாக மாற்றினார்கள். இருவருமே உளவியலை முறையாகப் பயின்றவர்கள் அல்லர், ஆனால் விடாமுயற்சி உள்ளவர்கள். 16 வகைகள் என்ற கணக்கு அவர்களிடமிருந்து வந்தது. இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தேர்வுகள் பெரும்பாலும் அந்த மூலத் தேர்வுகூட அல்ல. எழுத்துகளை மட்டும் கடன் வாங்கியவை.

இந்த வகைப்பாட்டின் பெரிய குறை, ஆள்களை இரண்டு பெட்டிகளில் பிரித்துப் போடுவதுதான். உயரத்தைப் போலவே அகமுகத் தன்மையும் தொடர்ச்சியான ஓர் அளவு. பெரும்பாலானோர் நடுவில்தான் இருக்கிறார்கள். நடுக்கோட்டுக்குச் சற்று இப்பால் நிற்பவருக்கு ஒரு நாள் ஓர் எழுத்தும் இன்னொரு நாள் வேறு எழுத்தும் வரும். சில வாரங்கள் கழித்து அதே தேர்வை மீண்டும் எழுதியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது என்பது பலமுறை சுட்டிக்காட்டப்பட்ட உண்மை. 'நூற்றுக்கு நூறு பொருந்துகிறது' என்ற உங்கள் வியப்புக்கும் ஒரு பழைய விளக்கம் உண்டு. பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியதுபோல் ஒரு மதிப்பீட்டைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. உண்மையில் அனைவருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களின் பெரும்பகுதி கடைத்தெருவில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. 1949-இல் வெளியான ஆய்வு இது. நம் ஊர் ராசிபலனுக்கு எதிராக இதை எடுத்துக்காட்டும் படித்தவர்கள், நான்கெழுத்து வகைகள் என்று வந்துவிட்டால் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் அந்தத் தேர்வு வெறும் குப்பையா என்றால், அதுவும் இல்லை. இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் கையாளுவது ஐந்து கூறுகளைக் கொண்ட மாதிரி: புறமுகம், புதுமைக்கு இடம்தரும் மனம், பொறுப்புணர்வு, இணக்கம், உணர்ச்சித் தத்தளிப்பு. மக்ரே, காஸ்டா என்ற இரு ஆய்வாளர்கள் 1989-இல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, நான்கெழுத்துத் தேர்வின் நான்கு அளவுகோல்களும் இந்த ஐந்தில் நான்கோடு ஓரளவு ஒத்துப்போயின. விடுபட்டது ஐந்தாவதான தத்தளிப்பு, அதாவது கவலைக்கும் மனச்சோர்வுக்கும் எளிதில் ஆளாகும் தன்மை. உங்கள் விஷயத்தில் இந்த விடுபடல் முக்கியமானது. நிம்மதியாக இருப்பதால் அமைதியாக இருக்கும் பெண்ணுக்கும், உள்ளுக்குள் பதறிக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கும் பெண்ணுக்கும் அந்தத் தேர்வு ஒரே நான்கு எழுத்துகளைக் கொடுத்துவிடும். கூட வாழ்பவருக்கு இரண்டும் முற்றிலும் வேறு.

நான் உங்களிடம் வலியுறுத்த விரும்புவதும் இந்தப் பிரித்தறிதலைத்தான். குறைவாகப் பேசுவது, அலசிப் பார்ப்பது, உணர்ச்சியை வெளிக்காட்டாமல் இருப்பது ஆகிய மூன்றையும் ஒரே குணமாகக் கட்டி, அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டோம். மூன்றும் தனித்தனி. சிந்திப்பதையே இன்பமாகக் கொள்ளும் தன்மையை அளக்க கசியோப்போ, பெட்டி என்ற இருவர் 1982-இல் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். புறமுகத்தோடு அதற்கு வலுவான தொடர்பு எதுவும் இல்லை. ஓயாமல் பேசிக்கொண்டே அலசுபவர்களை எந்த நீதிமன்ற வளாகத்திலும் பார்க்கலாம். அதிகம் பேசாத, எதையும் அலசாத மனிதர்களும் ஏராளம். கூச்சமும் அகமுகமும் ஒன்றல்ல என்பதும் 1980-களிலேயே காட்டப்பட்டுவிட்டது. கூச்சம் உள்ளவர் கலந்து பழக ஆசைப்பட்டும் அஞ்சுகிறார். அகமுகத்தவருக்கு அச்சம் இல்லை, அவ்வளவு நேரம் பழகவேண்டும் என்ற ஆசைதான் குறைவு. வளைகாப்பில் உங்கள் மனைவி உள்ளே போனது இதில் எந்தக் காரணத்தால் என்பது அவரைக் கேட்டால்தான் தெரியும். நீங்கள் கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.

இனி, உணர்ச்சி. 'டி' என்ற எழுத்து சிந்தனையைக் குறிப்பதால், அந்த எழுத்து வந்தவருக்கு உணர்ச்சி இல்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அளவுகோல் அளப்பது, முடிவெடுக்கும்போது ஒருவர் காரணகாரியத்தை முன்வைக்கிறாரா, சம்பந்தப்பட்டவர்களின் மனநிலையை முன்வைக்கிறாரா என்பதை மட்டுமே. எவ்வளவு ஆழமாக நேசிக்கிறார் என்பதை அது தொடுவதே இல்லை. இன்னொன்று: ஆண், பெண் பதில்கள் கணிசமாக வேறுபடுவது இந்த ஒரு அளவுகோலில்தான். அதனால் பழைய பதிப்புகளில் இதற்கு மட்டும் இரு பாலாருக்கும் வெவ்வேறு விதமாக மதிப்பெண் கணக்கிட்டார்கள். பெண் என்றால் ஆறுதல் சொல்லப் பழக்கப்பட்டவள் என்ற எதிர்பார்ப்பு, கேள்விக்கும் அதற்கான பதிலுக்கும் உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு மனிதரைச் சொல்லத் தோன்றுகிறது. எதிர்ப்பொருள் (ஆன்டிமேட்டர்) உண்டு என்பதைக் கணிதத்தின் வழியே முன்கூட்டிச் சொன்ன பால் டிராக், 1933-இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர். அவர் எவ்வளவு குறைவாகப் பேசுபவர் என்றால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு சொல் என்பதை 'ஒரு டிராக்' என்ற அலகாக வைத்துக்கொள்ளலாம் என்று கேம்பிரிட்ஜ் நண்பர்கள் கேலி செய்தார்கள். ஹங்கேரியைச் சேர்ந்த மார்கிட் என்ற பெண்மணியோடு அவருக்குக் கடிதப் பழக்கம் ஏற்பட்டது. நான் கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் பதில் எழுதுவதே இல்லை என்று மார்கிட் குறைபட்டுக்கொண்டார். டிராக் என்ன செய்தார் தெரியுமா? அவருடைய பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து, கடிதத்தின் எண், அதில் இருந்த கேள்வி, அதற்கான பதில் என்று கட்டம் போட்டு ஓர் அட்டவணையாக எழுதி அனுப்பினார். நான் ஏன் வருத்தமாக இருக்கிறேன் என்ற கேள்விக்கு எதிரே, உனக்கு ஈடுபாடுகள் போதாது என்ற பொருளில் ஒரு வரி. படிக்கும் யாருக்கும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒருவருடைய பழைய கடிதங்களை எல்லாம் திரும்ப எடுத்து, விட்டுப்போன ஒவ்வொரு கேள்வியையும் தேடிப் பிடித்துப் பதில் எழுதுவது அக்கறை இல்லாதவர் செய்யும் வேலை அல்ல. 1937-இல் இருவரும் மணந்துகொண்டார்கள்; தன்னை மனிதனாக்கியவள் நீதான் என்ற பொருள்பட அதன்பின் டிராக் மனைவிக்கு எழுதினார். உரசல்கள் இல்லாத வாழ்க்கை அல்ல அது. ஆனாலும் 1984-இல் அவர் இறக்கும்வரை நீடித்தது. டிராக்குக்கு ஆட்டிசம் இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் சிலர் எழுதினார்கள். இறந்தவரைப் பரிசோதிக்க முடியாது என்பதால் அந்தப் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் மேசைமேல் இருந்த ஒரு பக்கக் குறிப்புக்கு வருகிறேன். அதைப் புறக்கணிப்புக்குச் சான்றாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வேலைநாள் ஒன்றில், தமக்குத் துளியும் ஆர்வமூட்டாத ஓர் அலுவலக விதித்தொகுப்பை உங்களுக்காக உட்கார்ந்து படிக்கக்கூடியவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? என்னிடம் வரும் தம்பதிகளில் இது அடிக்கடி நடப்பதைப் பார்க்கிறேன். ஒருவர் தோளைத் தட்டிக் கொடுப்பதை எதிர்பார்க்கிறார். மற்றவர் தட்டிக் கொடுப்பதால் சிக்கல் தீராதே என்று சிக்கலைப் பிரிக்க உட்கார்ந்துவிடுகிறார். இருவருமே தம்மால் முடிந்ததில் சிறந்ததைக் கொடுத்ததாகவும், அது மதிக்கப்படவில்லை என்றும் நினைக்கிறார்கள். உங்கள் மனைவியும் அப்படித்தான் நினைத்தார் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது; ஆனால் நீங்கள் தந்த விவரங்களுக்கு மிக எளிதாகப் பொருந்தும் விளக்கம் இதுதான். உங்கள் எதிர்பார்ப்பும் தவறல்ல. அடிபட்ட நேரத்தில் அலசல் வேண்டாம், ஆறுதல் வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். "இப்போது எனக்கு யோசனை வேண்டாம், பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டால் போதும்" என்று முன்னதாகவே சொல்லிவிட்டால், அலசும் மனம் உள்ளவர்கள் அதைப் பெரும்பாலும் நிம்மதியோடு ஏற்றுக்கொள்வார்கள்; என்ன செய்யவேண்டும் என்பது தெளிவாகிவிட்டது அல்லவா. சொல்லித்தான் கிடைக்கவேண்டுமா என்று உங்களுக்கு மனம் சுளிக்கலாம். முதல் சில மாதங்களுக்கு, ஆம்.

அறைக்குள் போவதைப் பற்றி மக்களிடையே உலவும் விளக்கம், அகமுகத்தவருக்குக் கூட்டத்தில் 'சார்ஜ்' இறங்கிவிடும், தனிமையில் ஏறும் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆய்வுகள் இதை இவ்வளவு சுத்தமாக ஆதரிக்கவில்லை. கலகலப்பாக நடந்துகொள்ளும் நேரத்தில் அகமுகத்தவர்களுக்கும் மகிழ்ச்சி கூடுகிறது என்று 2002 முதல் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஃபின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு, கலகலப்புக்குச் சில மணி நேரம் கழித்துக் களைப்பு வருவது இரு சாராருக்குமே பொது என்று காட்டியது. ஆனால் 2019-இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஒரு வாரம் முழுக்கப் புறமுகத்தவரைப் போல நடந்துகொள்ளுமாறு கேட்கப்பட்டவர்களில், மிகுந்த அகமுகத் தன்மை உள்ளவர்களுக்கு அந்த மகிழ்ச்சி குறைவாகவே கிடைத்தது. களைப்பும், நான் நானாக இல்லை என்ற உணர்வும் மிகுந்தன. ஆகவே, கொஞ்ச நேரம் கலந்துகொள்வது அவருக்கும் நல்லதாக இருக்கலாம், நாள் முழுக்க நடிக்கச் சொன்னால் விலை அதிகம் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை. மூளையில் இந்த வேதிப்பொருள் கூட, அந்த வேதிப்பொருள் குறைய என்று படங்களோடு வரும் விளக்கங்களை நம்ப வேண்டாம். அகமுகத்தவரின் மூளை இயல்பிலேயே அதிகக் கிளர்ச்சியோடு இருக்கிறது என்று உளவியலாளர் ஐசென்க் 1967-இல் முன்வைத்த கோட்பாட்டுக்கே சான்றுகள் கலவையாகத்தான் இருக்கின்றன.

ஆட்டிசம் பற்றி. குறைவாகப் பேசுவதும் அலசுவதும் மட்டும் ஆட்டிசம் ஆகாது. அந்த முடிவுக்கு வர, பிறரோடு தொடர்புகொள்வதில் சிறுவயது முதலே நீடிக்கும் சிரமம் இருக்கவேண்டும். அதோடு திரும்பத் திரும்ப ஒரே மாதிரிச் செய்யும் பழக்கங்களோ, மாற்றத்தைத் தாங்க முடியாமையோ, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றில் அசாதாரண உணர்திறனோ இருக்கவேண்டும். இவை அன்றாட வாழ்வைப் பாதிக்கவும் வேண்டும். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. பெண்களிடம் இது பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமல் போவதுண்டு என்பதால், முற்றிலும் இல்லை என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் கணவர் மனைவிக்கு இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்கும் நோயாக அது இருக்கக்கூடாது. அவருக்கே அந்தச் சந்தேகம் வந்து, தெரிந்துகொள்ள விரும்பினால் மருத்துவ உளவியலாளரிடம் போகலாம். இதைவிட நீங்கள் உடனே கவனிக்கவேண்டிய வேறொன்று இருக்கிறது. அவர் எப்போதுமே இப்படியா, அண்மையில் இப்படி ஆனாரா? முன்பு சிரித்துப் பேசியவர் இப்போது ஒதுங்குகிறார் என்றாலோ, பிடித்த வேலைகளிலும் நாட்டம் போய், தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, அது ஆளுமை அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும்கூட ஒருவரை இப்படி ஒடுங்க வைக்கும். எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

மாறுமா என்ற கேள்விக்கு விடை இரண்டு பகுதி. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, மனிதர்களுக்கு இடையே காணும் ஆளுமை வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் மரபணுவோடு தொடர்புடையது. குணத்தின் அடித்தளம் மெதுவாகத்தான் நகரும். இருபது வயதுக்கும் நாற்பதுக்கும் இடையில் பொதுவாகப் பொறுப்புணர்வு கூடுகிறது, கவலை சற்றுத் தணிகிறது, அகமுகத்தவர் திடீரெனக் கலகலப்பாகிவிடுவதில்லை. பழக்கங்கள் வேறு கணக்கு. அவை சில மாதங்களிலேயே மாறும். ஒருவர் துரத்திக் கேட்பதும் மற்றவர் பின்வாங்குவதும் சங்கிலியாக நீள்வது, தம்பதிகள் பற்றிய ஆய்வுகளில் மிகத் தெளிவாக நிலைபெற்ற ஒரு தீய சுழற்சி. "ஏதாவது பேசு" என்று அந்த நிமிடமே வற்புறுத்தாமல், "இரவு சாப்பிட்டபின் ஒன்பது மணிக்கு இதைப் பேசலாமா?" என்று நேரம் குறியுங்கள். அந்த நேரத்தில் அவர் வந்து உட்காரவேண்டும். அது அவருடைய பொறுப்பு, அதில் சலுகை வேண்டாம். தேர்வு முடிவைக் காட்டி "நான் இப்படித்தான்" என்று அவர் நழுவினாலும் ஏற்கவேண்டியதில்லை.

விசேஷங்களுக்கும் இதே மாதிரி ஏற்பாடு செய்யலாம். எத்தனை மணிக்குப் போகிறோம், எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். வெறுமனே உட்கார்ந்து வருவோர் போவோரிடம் சிரிப்பதைவிட, கையில் ஒரு வேலை இருந்தால் இத்தகையவர்களுக்கு எளிதாக இருக்கிறது. தணிக்கைப் பிரிவில் இருப்பவரை மொய் நோட்டு எழுத உட்கார வைத்துப் பாருங்கள். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதும்போது ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேசியே ஆகவேண்டும், மூன்றாவது வார்த்தை தேவைப்படாது. கடைசியில் கணக்கும் நேராக வரும். அந்த இடத்தில் வழக்கமாக ஆண்கள்தான் உட்காருவார்கள் என்று யாராவது முணுமுணுத்தால், முணுமுணுக்கட்டும்.

உங்கள் அம்மாவைப் பற்றிக் கடைசியாக ஒன்று. அதே வளைகாப்பில் நீங்கள் அரை மணி நேரம் இருந்துவிட்டு மாடிக்குப் போயிருந்தால், பையனுக்கு வேலைக் களைப்பு என்று சொல்லியிருப்பார்கள். மருமகள் போனதால் தலைக்கனம். இந்த வித்தியாசம் உளவியலில் வருவது அல்ல, வீட்டு வழக்கத்தில் வருவது; அதைச் சரிசெய்யவேண்டியது உங்கள் மனைவியின் ஆளுமை அல்ல, நீங்கள். அந்தத் தேர்வு முடிவை அம்மாவிடம் காட்டி விளக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். நான்கு எழுத்துகள் அவருக்கு எதையும் விளக்கப்போவதில்லை. மருமகளுக்கு ஏதோ வியாதி என்று அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேரும் வாய்ப்புதான் அதிகம். அதற்குப் பதிலாக, பதவி உயர்வு போன மறுநாள் அவள் எனக்காக இதை எழுதி வைத்திருந்தாள் என்று அந்த ஒரு பக்கத்தைக் காட்டுங்கள். ஆனால் காட்டுவதற்கு முன்பு உங்கள் மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாமல் பேசப்படுவது அவருக்குப் பிடிக்காது என்றே நினைக்கிறேன்.